பெட்டிக்கு முன்னால் நடந்தவன்

ஓய்வுபெற்ற போதகனுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் என்ன செய்வதென்று தெரியாது. மற்ற நாட்கள் எப்படியோ போய்விடுகின்றன. பதுளையில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் பின்புறம் சில பாத்திகளில் லீக்ஸ் போட்டிருக்கிறேன். கைபேசியில் கிரிக்கெட் பார்க்கிறேன். மற்ற போதகர்களின் பிரசங்கங்களும் அதிலேயே வருகின்றன. கேட்டுக்கொண்டே குறை சொல்வேன். "நீங்க மட்டும் சுருக்கமா முடிச்சீங்களாக்கும்" என்பாள் என் மனைவி கிரேஸ். ஞாயிறு வந்தால்தான் கை கால் ஓடுவதில்லை. டவுன் ஆலயத்தில் கடைசி வாங்கில் போய் உட்காருகிறேன். எழுந்திருக்கச் சொன்னால் எழுகிறேன், உட்காரச் சொன்னால் உட்காருகிறேன்.

சில வாரங்களுக்கு முன் எங்கள் இளம் போதகர்கள் சிலர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். திருச்சபையின் மாத இதழுக்கு என்னிடமிருந்து ஓர் அனுபவக் கட்டுரை வேண்டுமாம். "சந்தோஷமா ஏதாச்சும் எழுதுங்க ஐயா" என்றார் ஒருவர். ஊழியத்தில் சந்தோஷம் இல்லாமல் இல்லை. ஞானஸ்நானத் தண்ணீர் பட்டதும் என் மூக்கைப் பிடித்து இழுத்த குழந்தைகள் உண்டு. தாலியை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்த மாப்பிள்ளைகள் உண்டு. அதையெல்லாம் வேறு யாராவது எழுதட்டும். போன மழைக்காலத்தில் என் நண்பர் ஞானமுத்துவை அடக்கம் செய்தோம். பேனாவை எடுத்தால் எனக்கு அதுதான் வருகிறது.

படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இறையியல் கல்லூரியில் கிரேக்கம் கொஞ்சம் வந்தது, எபிரேயம் வரவேயில்லை. அடக்க ஆராதனை நடத்துவது எப்படி என்று ஒரு பிற்பகலில் சொல்லித் தந்தார்கள். பாதிப் பேர் தூங்கிவிட்டோம். மடுல்சீமைப் பக்கத் தோட்டங்களைச் சேர்த்து ஒரே சேகரமாக என் கையில் கொடுத்து அனுப்பியபோது, மிச்சத்தைக் கற்றுத் தந்தவர் எங்கள் பகுதிக்கு மேற்பார்வையாளராக இருந்த மூத்த போதகர். நாங்கள் அவரைப் பெரிய ஐயா என்போம். ஒல்லியான, உயரமான மனிதர். சத்தம் போட்டு நான் கேட்டதேயில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைப்பார். அவர் கையைக் கண்ணாடியிடம் கொண்டுபோனாலே நாங்கள் எழுந்து நின்றுவிடுவோம்.

என் முதல் அடக்கத்துக்கு முன்னால் அவர் என்னை உட்கார வைத்துச் சொன்னது ஒன்றுவிடாமல் நினைவிருக்கிறது. கடைசியாக முகம் பார்க்க எல்லாரையும் விட வேண்டும், அவசரப்படுத்தக் கூடாது. ஆனால் மூடி போட்ட பிறகு யார் கதறிக் கேட்டாலும் திறக்கக் கூடாது. பெட்டி தூக்குமுன் ஜெபம். அப்புறம் போதகன் அங்கியோடு முன்னால் நடக்க வேண்டும், பெட்டி அவனுக்குப் பின்னால், சனங்கள் பெட்டிக்குப் பின்னால். நடக்கும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது. எது நடந்தாலும் குரல் உடையக் கூடாது.

"நீங்க அழுதா அவங்க யாரப் பாத்துத் தைரியமா நிப்பாங்க?" என்றார். "அழுகைய வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க."

அப்படியே எடுத்துக்கொண்டு போனேன். வீட்டுக்குப் போனால் வேறு வேலை இருக்கும்.

அவர் கற்றுத் தந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் போன முதல் வருடம் ஒரு கல்யாணம். எனக்கு முன்பு அங்கே நெடுங்காலம் இருந்து ஓய்வுபெற்ற போதகரைப் பெண் வீட்டார் பண்டாரவளையிலிருந்து அழைத்து வந்துவிட்டார்கள். அவரும் அங்கியைப் போட்டுக்கொண்டு வேனிலிருந்து இறங்கினார். நான் என் அங்கியோடு ஆலய வாசலில் நிற்கிறேன். கூட்டம் முழுக்க அவரைச் சுற்றிக்கொண்டது. என்னிடம் ஒருவர் குடையைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். விருந்துக்கு வந்திருந்த பெரிய ஐயா கண்ணாடியைத் துடைத்தார். பிறகு அந்த முதியவரின் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப்போய்ப் பேசினார்.

"அண்ணே, ஒங்க மேல சனங்களுக்கு உசிரு. எனக்குத் தெரியும். ஆனா இன்னைக்கு நீங்க தாலிய எடுத்துக் குடுத்தா, நாளைக்கு இந்தப் பிள்ளைக்கிட்ட யாரு வருவா?"

முதியவர் அங்கியைக் கழற்றி, மடித்து, பையில் வைத்துக்கொண்டு கடைசி வாங்கில் போய் உட்கார்ந்தார். ஓய்வுபெற்றவர் தம் பழைய சேகரத்தில் கல்யாணமோ அடக்கமோ நடத்தக் கூடாது என்பது எங்கள் வழக்கம். இப்போது அங்கே இருக்கிற போதகர் தாமாக அழைத்தால் மட்டும் நடத்தலாம். அழைக்கும்படி கேட்கவும் கூடாது, ஆள் விட்டுச் சொல்லவும் கூடாது. அன்று எனக்கு அது மிகவும் நியாயமாகப்பட்டது. விருந்தில் இரண்டாம் தடவையும் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஞானமுத்து என் சேகரத்துத் தோட்டம் ஒன்றில் கவ்வாத்து வெட்டுகிறவர். தேயிலைச் செடியைக் கத்தியால் கழித்து மட்டம் பண்ணுகிற வேலை. தோளில் வலு வேண்டும். யார் செத்தாலும், எந்தச் சாமியைக் கும்பிட்டவராக இருந்தாலும், பெட்டியின் முன்பக்க இடது மூலை அவருடையது. எங்கள் தோட்டங்களில் தேயிலைக்கு உதவாத நிலம்தான் மயானத்துக்குக் கிடைக்கும். அது மலையின் உச்சியில், மானாப்புல் மண்டிய இடத்தில் இருக்கும். வாகனம் பாதி வழிகூடப் போகாது. ஒற்றையடிப் பாதையில் நாலு பேர் தோளில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். ஞானமுத்து "தோள் மாத்து!" என்று குரல் கொடுத்தால் அடுத்த நாலு பேர் நடையை நிறுத்தாமலே உள்ளே நுழைவார்கள்.

என் முதல் அடக்கம் முடிந்து கீழே இறங்கும்போது அவர் என்னோடு சேர்ந்துகொண்டார்.

"நல்லா வாசிச்சீங்க ஐயா. ஆனா ஒங்களுக்கு நடக்கத் தெரியல."

"என்னா?"

"எட்டி எட்டிப் போறீங்க. நீங்க கையில பைபிளோட போறீங்க, நாங்க தோள்ள ஆளோட வர்றோம்."

என்னிடம் அதுவரை யாரும் அப்படிப் பேசியதில்லை. எனக்குச் சுருக்கென்றது. இரண்டு மூன்று நாள் கழித்து நினைத்துப் பார்த்துச் சிரித்தேன். அடுத்த அடக்கத்தில் மெதுவாக நடக்க வேண்டும் என்று உறுதி எடுத்துக்கொண்டு போனேன். குழியருகில் வாசிக்க வேண்டியதிலேயே மனம் நின்றதால் மறந்துவிட்டேன். முன்னால் போகிறவனுக்கு முன்னால் யாரும் இல்லை அல்லவா? கால் தன்பாட்டுக்குப் போகும். அவர் விடவில்லை. ஒவ்வோர் அடக்கம் முடிந்ததும், "இன்னைக்கும் பஸ்ஸுக்குப் பிந்திருச்சா ஐயா?" என்பார்.

சபைக்குள் நண்பன் வைத்துக்கொள்ளாதே, ஒருவனோடு சிரித்தால் பத்துப் பேர் முகம் சுளிப்பார்கள் என்பது பெரிய ஐயாவின் இன்னொரு உபதேசம். அதை நான் கைக்கொள்ளவில்லை. தோட்டத்து ஆராதனை முடிந்தால் நேரே லயத்து வரிசையில் ஞானமுத்துவின் வீட்டுக்குத்தான் போவேன். அவர் மனைவி லில்லி இஞ்சி தட்டிப் போட்ட சாயத்தண்ணியும் ரொட்டியும் சம்பலும் தருவாள். ரேடியோவில் கிரிக்கெட் ஓடும். அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை, சிபாரிசுக்கென்று வந்ததில்லை. என் பிரசங்கம் நீண்டுவிட்டால் மட்டும் மனைவியிடம், எனக்குக் கேட்கும்படி, "லில்லி, ஐயாவுக்கு ரெண்டு ரொட்டி கூட வையி. ரொம்பப் பேசிட்டாரு" என்பார். அந்த வீட்டில் நான் போதகன் இல்லை. எனக்கு அப்படி இருந்த வீடு அது ஒன்றுதான்.

அந்த லயத்தின் குசினிச் சுவருக்கும் பின்னாலிருந்த மண்மேட்டுக்கும் இடையில் ஓர் ஆள் நிற்க இடமில்லை. ஆபத்தான இடம் என்று எல்லாருக்கும் தெரியும். தோட்டத்து அதிகாரிகள் வந்து பார்த்தார்கள், பார்த்துவிட்டுப் போனார்கள். தொடர்ந்து மழை பெய்த ஓர் ஐப்பசியில், விடிகாலையில், லில்லி அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கும்போது மேடு சரிந்து குசினியை மூடியது. அக்கம்பக்கத்தார் மம்பட்டி எடுத்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வேலைக்குப் பேர் பதியப் பெரட்டுக்குப் போகக் கிளம்பி வாசலில் நின்றிருந்த ஞானமுத்து தப்பினார். மகள் புஷ்பம் பசறையில் கட்டிக்கொடுத்த வீட்டில் இருந்தாள்.

பாதையும் பல இடத்தில் சரிந்திருந்ததால் பஸ் நின்ற இடத்திலிருந்து நடந்து போய்ச் சேர்ந்தேன். ஜெபம் செய்தேன். மூடி போட்டார்கள். பெட்டியைத் தூக்க ஆட்கள் வந்தபோது ஞானமுத்து எழுந்து, வழக்கம்போல முன்பக்க இடது மூலைக்குப் போய் நின்றார்.

லில்லியின் அண்ணன் அவரை மறித்தார். "கட்டுனவன் தோள் குடுக்கக் கூடாது மச்சான். நீங்க பின்னால வாங்க."

"இத்தன வருசமா ஊருல உள்ளவுங்களயெல்லாம் தூக்கிட்டேன். இவள மட்டும் வேற ஆளு தூக்கணுமா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கணவன் பெட்டி தூக்கக் கூடாது என்று எங்கள் புத்தகத்தில் இல்லை. சனங்களின் வழக்கத்தில் இருக்கிறது. பெரிய ஐயாவாக இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. "தூக்கட்டும்" என்றேன்.

மழை விடவேயில்லை. அங்கி நனைந்து காலில் சுற்றிக்கொண்டது. குழிக்குள் தண்ணீர் நிரம்பிவிடும், சீக்கிரம் போக வேண்டும் என்ற ஒரே நினைப்பில் நடந்தேன். இரண்டாவது வளைவில் ஏற்றம் அதிகம். அங்கேதான் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது.

"ஐயா, கொஞ்சம் மெதுவா போங்க."

பெட்டி தூக்குகிறவர்கள் நடுவழியில் போதகரிடம் பேசுவதில்லை. அத்தனை காலமும் அவர் கேலி செய்ததெல்லாம் அடக்கம் முடிந்த பிறகுதான். திரும்பக் கூடாது என்பதை மறந்து திரும்பினேன். ஞானமுத்துவின் கால் கணுக்கால் வரை சேற்றில் புதைந்திருந்தது. தலையைப் பெட்டியோடு சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். தோள் மாற்ற வந்தவர்களை அவர் உள்ளே விடவில்லை. அதன் பிறகு நான் அடி அடியாக நடந்தேன். குழியருகில் என் குரல் உடையவில்லை. அது எனக்கே அன்று பிடிக்கவில்லை.

எல்லாம் முடிந்து சனங்கள் இறங்கிய பிறகு அவர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"எனக்கும் நீங்கதான் முன்னால நடக்கணும் ஐயா. வேற ஆளு வேணாம்."

"சரி" என்றேன். அந்த இடத்தில் வேறு என்ன சொல்ல முடியும்?

பின்னர் நான் ஓய்வுபெற்றேன். ஜெபராஜ் என்ற இளம் போதகர் அந்தச் சேகரத்துக்கு வந்தார். கூச்ச சுபாவம். பேசும்போது தரையைப் பார்ப்பார். அவருக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாதென்று நான் தோட்டத்துப் பக்கம் போவதைக் குறைத்தேன். ஞானமுத்துதான் பதுளை ஆஸ்பத்திரிக்கு நெஞ்சுவலிக்கு மருந்தெடுக்க வரும்போதெல்லாம் வீட்டுக்கு வருவார். "எங்க லயத்துல சாயத்தண்ணி குடிக்கவும் சட்டம் தடுக்குதா?" என்று கேட்பார். சிரிப்பார், ஆனால் வருத்தம் இருந்தது. எனக்கும் இருந்தது.

கடைசியாக அவரை வார்டில் பார்த்தேன். உடம்பு பாதியாகியிருந்தது. பேச்சு மூச்சு வாங்கியது. "சொன்னது ஞாபகம் இருக்குல்ல?" என்றார். நான் சொல்ல வேண்டியிருந்தது. இப்போது அது ஜெபராஜின் சேகரம், அவர் அழைத்தால்தான் நான் அங்கியைப் போட முடியும், நானாகக் கேட்கவும் முடியாது என்றேன்.

"அவரு கேக்கலேன்னா?"

பிறகு அவரே என் கையைத் தட்டிக்கொடுத்தார். "சரி விடுங்க. அவரும் நல்ல பிள்ளதான்" என்றார். ஆறுதல் சொல்லப் போனவனுக்கு நோயாளி ஆறுதல் சொன்னார்.

இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு வாரத்துக்குள் ஜெபராஜ் என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

"ஐயா, ஞானமுத்து ஐயா தவறிட்டாங்க. நாளைக்கு மத்தியானத்துக்கு மேல அடக்கம்."

நான் காத்திருந்தேன். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது.

"வந்துருவீங்கள்ல ஐயா?"

"வந்துர்றேன்" என்றேன். அவ்வளவுதான்.

கிரேஸ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "நீங்களே கேட்டா என்னாவாம்? அந்தப் பிள்ள வேணாம்னா சொல்லப் போகுது?" என்றாள். "வேணாம்னு சொல்லாது. அதனாலதான் கேக்கக் கூடாது" என்றேன். அடுத்து புஷ்பம் அழைத்தாள். அழுகையும் கோபமுமாக இருந்தாள். "அப்பா ஒங்ககிட்ட கேட்டது இது ஒன்னுதான் ஐயா. வேற என்னா கேட்டாரு ஒங்ககிட்ட?" அவள் சொன்னதில் ஒரு சொல்லும் தப்பில்லை. அங்கியை எடுத்துத் தேய்த்துப் பையில் வைத்தேன். பிறகு வெளியே எடுத்தேன். கிளம்பும்போது மறுபடி பையில் வைத்துக்கொண்டேன்.

லயத்து வாசலில் கூட்டம் நிறைந்திருந்தது. மழை ஓய்ந்து மூட்டம் போட்டிருந்தது. நான் படியேறியதும் சனங்கள் வழிவிட்டார்கள். "ஐயா வந்துட்டாரு" என்று யாரோ சொல்ல, எல்லாத் தலையும் திரும்பியது. ஜெபராஜ் பெட்டியின் தலைமாட்டில் அங்கியோடு நின்றிருந்தார். அந்த இடத்தில், குடையைப் பிடித்துக்கொண்டு ஆலய வாசலில் நின்ற ஓர் ஆளை நான் பார்த்தேன்.

பக்கத்து வீட்டுப் பெண் என் காதருகில் சொன்னாள்: "இந்த ஐயா ரெண்டு ராத்திரியா இங்கயேதான் இருந்தாரு. உசிரு போறப்பவும் அவருதான் கையப் புடிச்சிக்கிட்டு இருந்தாரு." அந்தக் கையைப் பிடித்திருக்க வேண்டியவன் பதுளையில் லீக்ஸுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

மூடி போட்டாயிற்று. ஜெபராஜ் என்னிடம் வந்தார். காது மடல் சிவந்திருந்தது. ஆராதனைப் புத்தகத்தை இரண்டு கையாலும் நீட்டினார்.

"ஐயா, எல்லாரும் ஒங்களத்தான் பாக்குறாங்க. எனக்குப் போன்ல கேக்கத் தெரியல. நீங்களே முன்னால போங்க ஐயா."

அழைப்பு வந்துவிட்டது. இனி எந்த வழக்கமும் என்னைத் தடுக்கவில்லை. புஷ்பம் அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். எனக்கு ஆசையாக இருந்தது. அதை ஒளிக்க வேண்டியதில்லை. என் கை பாதி தூரம் நீண்டது. புத்தகத்தில் வாசிக்க வேண்டிய இடங்களுக்கெல்லாம் அவர் சிறு காகிதத் துண்டுகள் வைத்திருந்தார். அவற்றைப் பார்த்ததும் என் கை நின்றுவிட்டது. இன்று நான் வாங்கினால், அடுத்து ஒரு வீட்டில் சாவு விழும்போது இந்த மலையில் அவரை யார் கூப்பிடுவார்கள்?

"நீங்க நடங்க ஐயா" என்றேன். "நா இன்னைக்கு ஞானமுத்து வீட்டு ஆளு."

புஷ்பம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளிடம் எடுத்துச் சொல்ல அது நேரமில்லை, எனக்குத் தெம்புமில்லை. அவள் அப்பாவுக்குக் கொடுத்த வாக்கை, அவர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றே உடைத்தேன்.

நாலு பேர் குனிந்தார்கள். நான் கோட்டையும் பையையும் என்னோடு வந்திருந்த கிரேஸிடம் கொடுத்துவிட்டு முன்பக்க இடது மூலைக்குப் போனேன். அங்கே நின்ற ஆள் பதறினார். "வேணாங்க ஐயா, பாதை வழுக்கும். ஒங்களால முடியாது."

"ரெண்டாவது வளைவு வரைக்கும் குடுங்கய்யா. அதுக்கு மேல கேக்க மாட்டேன்."

ஊழிய காலம் முழுக்க நான் பெட்டிகளுக்கு முன்னால் நடந்திருக்கிறேன். ஒன்றையும் தூக்கியதில்லை. நோயில் வற்றிப்போன மனிதர்தான், ஆனாலும் பலகை தோள் எலும்பில் உட்கார்ந்ததும் முழங்கால் மடங்கப் பார்த்தது. தலையை நேராக வைக்க முடியவில்லை. மலை தெரியவில்லை, தேயிலை தெரியவில்லை. முன்னால் போகும் அங்கியின் ஓரமும் செருப்புக் குதிகாலும் மட்டும் தெரிந்தன. அழுகை வந்தது. தடுக்க வேண்டிய அவசியம் இல்லை. அன்று என் குரலை நம்பி யாரும் நிற்கவில்லை. இரண்டு கையும் பெட்டியில் இருந்ததால் துடைக்கவும் முடியவில்லை. லில்லிக்கும், இந்தப் பாதையில் நான் கொண்டுபோய் விட்ட அத்தனை பேருக்கும் சேர்த்து அழுதேன்.

ஜெபராஜ் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார். அவருக்கும் யாரோ சரியாகக் கற்றுத் தந்திருக்கிறார்கள், ஒருமுறைகூடத் திரும்பவில்லை. நடையும் என் நடைதான், எட்டி எட்டிப் போனார். எங்களுக்கும் அவருக்கும் இடையில் பாதை நீண்டுகொண்டே போனது. இரண்டாவது வளைவில் ஏறும்போது பின்னால் வந்தவருக்குக் கால் வழுக்கியது. பெட்டி சரிந்து என் கழுத்தில் இறங்கியது. புஷ்பம் ஓடிவந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். தோள் மாற்ற ஆட்கள் வந்தார்கள். இல்லை என்று தலையசைத்தேன்.

"ஐயா" என்று கூப்பிட்டேன். குரல் உடைந்தேதான் வந்தது. "கொஞ்சம் மெதுவா போங்க."

ஜெபராஜ் திரும்பினார். என்னைப் பார்த்தார். நாங்கள் வந்து சேரும்வரை அங்கேயே நின்றார்.